நாய்ஸ் கேட்: யார் தட்டினால் கதவு திறக்க வேண்டும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கூடவே ஒரு ஹெட்செட்டையும் வாங்கித் தங்கள் குரலைப் பதிவு செய்து பார்ப்பது வழக்கம். பதிவைக் கேட்டவுடன் எழும் முதல் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான். "நான் பேசாத இடங்களில் மின்விசிறிச் சத்தம் கேட்கிறதே, அதை எப்படி நீக்குவது?" இதற்காகப் பல புரோகிராம்களில் தரப்பட்டுள்ள ஒரு வசதியின் பெயர் நாய்ஸ் கேட். திருமண மண்டபங்களில் மெல்லிசைக் கச்சேரி நடக்கையில், மேடைக்கு எதிரே வைத்து இயக்கப்படும் டிஜிட்டல் மிக்சரிலும் இதே வசதி இதே பெயரில் உள்ளது.

வார இறுதி நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவிற்கு நான் மிக்சரை இயக்கி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கேட் பற்றி நாம் முதலில் தெரிந்து கொள்ள வேண்டியது இதுதான்: அதற்குக் காது உண்டு, அறிவு கிடையாது. வருகிற சத்தம் பெரிதா சிறிதா என்று மட்டுமே அதற்குத் தெரியும். அது பாட்டா, மின்விசிறியா, பக்கத்து வாத்தியமா என்று தெரியாது. எனவே எந்தச் சத்தத்தைக் கேட்டு அது முடிவெடுக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்லித் தர வேண்டும். அப்படிச் சொல்லித் தரும் வழிதான் ட்ரிக்கர் இன்புட். இவை இரண்டையும் இங்கு பார்க்கலாம்.

மிக்சரும் ஒரு கம்ப்யூட்டரே:

டிஜிட்டல் மிக்சரைப் பார்த்தவுடன் அதன் பட்டன்களின் எண்ணிக்கையைக் கண்டு பயந்துவிட வேண்டாம். அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். மைக்கிலிருந்து வரும் மின்சாரம் உள்ளே நுழைந்தவுடன் எண்களாக மாற்றப்படுகிறது. பல மிக்சர்களில் ஒரு விநாடிக்கு 48,000 முறை ஒலியின் அளவு குறிக்கப்படுகிறது. அதன் பின் நடப்பவை எல்லாம் கூட்டலும் பெருக்கலும்தான். இறுதியில் எண்கள் மீண்டும் மின்சாரமாகி ஸ்பீக்கருக்குச் செல்கின்றன.

முன்பெல்லாம் கேட் என்பது தனியாக வாங்க வேண்டிய ஒரு பெட்டி. 1980களில் ஸ்டுடியோக்களில் புகழ் பெற்ற ட்ராமர் டிஎஸ்201 என்ற பெட்டியில் மொத்தமே 2 கேட்கள்தான் இருந்தன. டிரம்ஸ் செட் ஒன்றிற்கு 8 மைக் வைத்தால், 4 பெட்டிகளும் அவற்றை இணைக்க ஒரு மூட்டை கேபிளும் வேண்டும். இன்று அது மிக்சருக்குள் ஓடும் ஒரு புரோகிராம். 2012ல் வெளிவந்த பெரிஞ்சர் எக்ஸ்32 மிக்சரில் 32 மைக் சானல்கள் உள்ளன. ஒவ்வொரு சானலிலும் ஒரு கேட் தரப்பட்டுள்ளது.

கேட் என்ன செய்கிறது?

பெயரிலேயே விடை உள்ளது. அது ஒரு கதவு. நாம் குறித்துத் தரும் அளவைவிடச் சத்தம் பெரிதானால் கதவு திறக்கும். சிறிதானால் மூடிக் கொள்ளும். அவ்வளவுதான்.

இங்கு ஒன்றைக் கவனிக்கவும். கதவு திறந்திருக்கும்போது எல்லாமே உள்ளே வரும். நீங்கள் பேசும்போது மின்விசிறிச் சத்தமும் கூடவே பதிவாகிக் கொண்டுதான் இருக்கும். குரல் பெரிதாக இருப்பதால் அது நம் காதில் விழுவதில்லை. பேச்சுக்கு அடியில் உள்ள இரைச்சலையும் சேர்த்துக் குறைக்க வேண்டும் என்றால், அதற்கு நாய்ஸ் ரிடக்‌ஷன், நாய்ஸ் சப்ரஷன் போன்ற வேறு வசதிகள் உள்ளன.

மேடையில் கேட்டின் வேலை இன்னும் பெரியது. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும், ஸ்பீக்கர் "கூ" என்று ஊளையிடாமல் நாம் வைக்கக் கூடிய ஒலி அளவு சுமார் 3 டெசிபல் குறைந்து விடுகிறது. வாசிக்காத மைக்குகளைக் கேட் மூடி வைத்தால், பாடுபவரின் குரலைக் கூடுதலாக வைக்க இடம் கிடைக்கும்.

ஐந்து அமைப்புகள்:

எந்த மிக்சரிலும், எந்தப் புரோகிராமிலும் கேட் என்றால் பெரும்பாலும் கீழ்க்கண்ட ஐந்து அமைப்புகள் இருக்கும். அளவுகள் மைனஸில் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். டிஜிட்டல் கருவிகளில் 0 டெசிபல் என்பதே உச்ச அளவு. அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் மைனஸ். 6 டெசிபல் குறைந்தால் ஒலி அலையின் உயரம் ஏறத்தாழப் பாதியாகிறது; 20 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது.

த்ரெஷோல்ட்: கதவைத் திறப்பதற்கான அளவு. மைனஸ் 40 எனக் கொடுத்தால், அதைவிடப் பெரிய சத்தத்திற்கு மட்டுமே கதவு திறக்கும்.

அட்டாக்: கதவு எவ்வளவு வேகமாகத் திறக்க வேண்டும் என்பது. மில்லி விநாடிகளில் தரப்படும். டிரம்ஸுக்கு மிக வேகமாகத் திறக்க வேண்டும். இல்லை எனில் குச்சி விழும் முதல் தட்டே காணாமல் போகும்.

ஹோல்ட்: சத்தம் குறைந்த பின்னும் கதவு எவ்வளவு நேரம் திறந்தபடி காத்திருக்க வேண்டும் என்பது.

ரிலீஸ்: காத்திருந்த பின் கதவு எவ்வளவு மெதுவாக மூட வேண்டும் என்பது.

ரேஞ்ச்: மூடிய கதவு எவ்வளவு சத்தத்தைத் தடுக்க வேண்டும் என்பது. முழுதாகத் தடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 15 அல்லது 20 டெசிபல் குறைத்தாலே பெரும்பாலான இடங்களில் போதும். கதவு திறப்பதும் மூடுவதும் கேட்பவருக்குத் தெரியாது.

வீட்டில் பழகுவது எப்படி?

இதற்கு மிக்சர் தேவை இல்லை. ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச புரோகிராமை அதன் இணைய தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். அதில் ஆடியோ மிக்சர் என்ற கட்டத்தில் உங்கள் மைக் ஒரு வரிசையாகக் காட்டப்படும். அதற்குரிய மெனுவைத் திறந்து பில்டர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் விண்டோவில் கூட்டல் குறியில் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் நாய்ஸ் கேட் இருக்கும்.

இதில் க்ளோஸ் த்ரெஷோல்ட் மைனஸ் 32, ஓபன் த்ரெஷோல்ட் மைனஸ் 26, அட்டாக் 25, ஹோல்ட் 200, ரிலீஸ் 150 மில்லி விநாடி என முன்னதாகவே அமைக்கப்பட்டிருக்கும். திறப்பதற்கு ஓர் அளவும் மூடுவதற்கு ஓர் அளவும் ஏன்? ஒரே அளவு இருந்தால், குரல் அந்த அளவை ஒட்டி ஏறி இறங்கும்போது காற்றில் அடித்துக் கொள்ளும் கதவு போல கேட் படபடவென்று திறந்து மூடும். இரண்டு அளவுகளுக்கும் இடையே 6 டெசிபல் இடைவெளி விட்டால் இது நின்றுவிடும்.

ஆனால் இந்த எண்களை அப்படியே ஏற்றுக் கொள்ளக் கூடாது. உங்கள் அறை வேறு, உங்கள் மைக் வேறு. முதலில் மின்விசிறியை ஓட விட்டு, பேசாமல் இருந்து மீட்டரைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, அது மைனஸ் 48 அருகே ஆடுகிறது என வைத்துக் கொள்வோம். அடுத்து, நீங்கள் பேசக் கூடிய மிக மெதுவான குரலில் பேசுங்கள். அது மைனஸ் 30ஐத் தொடுகிறது என்றால், இரண்டுக்கும் நடுவில் கதவை வைக்க வேண்டும். மூடுவதற்கு மைனஸ் 42, திறப்பதற்கு மைனஸ் 36 என அமைக்கலாம்.

இப்போது சில வரிகளைப் படித்துப் பதிவு செய்து, ஹெட்போனில் கேளுங்கள். தமிழில் படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வந்து, பாட்டு, நேற்று, அன்பு என நம் சொற்களில் பல குற்றியலுகரத்தில் முடிகின்றன. அந்தக் கடைசி உகரம் இயல்பாகவே குறுகி, மெலிந்து ஒலிக்கும். கதவு அவசரப்பட்டு மூடினால் முதலில் பலியாவது இந்த எழுத்துத்தான். "பாட்டு" என்பது "பாட்" என்று பதிவாகி இருந்தால், ஹோல்ட் அளவை 300 அல்லது 400 ஆக உயர்த்துங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் மூடும் அளவை இன்னும் சற்றுக் கீழே இறக்குங்கள்.

கேட் ஏமாறும் இடம்:

அமைதியான அறையில் குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கும். எனவே கேட் ஏமாறாது. மேடையில் நிலைமை வேறு. டிரம்ஸ் செட்டில் உள்ள டாம் என்ற மேளத்தை எடுத்துக் கொள்வோம். ஒரு பாட்டில் அதை வாசிப்பது சில இடங்களில் மட்டும்தான். மற்ற நேரம் முழுவதும் அதன் மைக் சும்மா இருக்கிறது. ஆனால் அந்த மைக்கிற்கு மேலே ஓரடி தூரத்தில் சிம்பல் என்ற உலோகத் தட்டு தொங்குகிறது. அதை ஓங்கி அடித்தால், டாமை மெதுவாகத் தட்டுவதைவிடப் பெரிய சத்தம் அதே மைக்கில் வந்து விழும்.

இப்போது த்ரெஷோல்டை எங்கே வைப்பது? உயர்த்தி வைத்தால் சிம்பலுக்குத் திறக்காது. ஆனால் மெதுவாக வாசிக்கும் டாமும் கேட்காது. தாழ்த்தி வைத்தால் டாம் கேட்கும். ஆனால் ஒவ்வொரு சிம்பலுக்கும் கதவு திறந்து, கரகரவென்ற சத்தம் துண்டு துண்டாக வெளியே வரும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் தவறுதான். ஏனெனில் கேட் கேட்பதே தவறான சத்தத்தை. இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன.

முதல் தீர்வு, கீ பில்டர்: 

கேட்டின் காதில் ஒரு வடிகட்டியை வைக்கிறோம். டாமின் அடிப்படை ஒலி சுமார் 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான கீழ்ப்பகுதியில் இருக்கும். சிம்பலின் சத்தத்தில் பெரும்பகுதி ஆயிரக் கணக்கான ஹெர்ட்ஸில் இருக்கும். எனவே கேட் கீழ்ப்பகுதியை மட்டும் கேட்டு முடிவெடுக்கும்படி அமைத்தால், சிம்பலுக்கு அது அவ்வளவாக அசைந்து கொடுக்காது. இந்த வடிகட்டி, கேட் கேட்பதை மட்டுமே மாற்றுகிறது. மக்கள் கேட்கும் டாமின் ஒலி மாறாது. சில மிக்சர்களில் கீ லிசன் என்ற பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் கேட்டின் காதில் விழுவது உங்கள் ஹெட்போனில் விழும்.

இரண்டாவது தீர்வு, ட்ரிக்கர் இன்புட்:

இது இன்னும் உறுதியானது. ஒரு சானலின் கதவைத் திறக்கும் உரிமையை வேறொரு சானலிடம் கொடுத்துவிடுவது. இதற்குக் கீ இன்புட், சைடு செயின் என்ற பெயர்களும் உண்டு.

டாமின் விளிம்பில் ட்ரிக்கர் எனப்படும் சிறிய சென்சார் ஒன்றைப் பொருத்துகிறோம். இதனுள் இருப்பது பீசோ வகைத் தகடு. அழுத்தினால் அல்லது அதிர்ந்தால் மின்சாரம் தரும். சமையலறையில் காஸ் லைட்டரை அழுத்தியவுடன் பொறி பறக்கிறதே, அதே தத்துவம்தான். இந்தச் சென்சார் காற்றில் வரும் சத்தத்தைக் கேட்பதில்லை என்றே சொல்லலாம். தான் தொட்டுக் கொண்டிருக்கும் மேளம் அதிர்ந்தால் மட்டுமே பேசும். சிம்பலை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அது ஏறத்தாழ மௌனமாகவே இருக்கும். இதனை அமைக்கும் வழி:

1. சென்சாரின் கேபிளை, டிஐ பாக்ஸ் வழியாக, மிக்சரில் பயன்படாமல் இருக்கும் ஒரு சானலில் இணைக்கவும். டிரம்ஸ் சானல்கள் 1 முதல் 8 வரை என்றால், ட்ரிக்கரை 25ல் இணைக்கலாம்.

2. அந்தச் சானலில் 48 வோல்ட் பாண்டம் பவர் இருந்தால் அணைத்துவிடவும். டிஐ பாக்ஸே அதைக் கேட்கும் வகை என்றால் மட்டும் விட்டு வைக்கவும்.

3. 25ம் சானலிலிருந்து மெயின் அவுட்புட்டுக்கும் மேடை மானிட்டர்களுக்கும் செல்லும் இணைப்புகளை நீக்கவும். சென்சாரின் ஒலி வெறும் "டிக்" என்ற சத்தம்தான். அதை யாரும் கேட்கத் தேவை இல்லை. கேட் மட்டும் கேட்டால் போதும்.

4. டாம் மைக் உள்ள சானலின் கேட் பக்கத்திற்குச் செல்லவும். எக்ஸ்32 மிக்சரில் கீ சோர்ஸ் என்ற இடத்தில் செல்ஃப் என்று இருக்கும். தன் சத்தத்தைத் தானே கேட்டு முடிவெடுக்கிறது என்று பொருள். அதை மாற்றி 25ம் சானலைத் தேர்ந்தெடுக்கவும்.

5. இப்போது வாசிப்பவரை மிக மெதுவாகத் தட்டச் சொல்லி, அதற்கும் கதவு திறக்கும் அளவிற்கு த்ரெஷோல்டைத் தாழ்த்தவும். பின் பக்கத்து மேளங்களை ஓங்கி அடிக்கச் சொல்லவும். அவற்றின் அதிர்வும் ஸ்டாண்ட் வழியாகச் சிறிது வரும். அதற்குத் திறக்காதபடி சற்றே உயர்த்தவும். இரண்டுக்கும் நடுவே தாராளமான இடைவெளி இருப்பதைப் பார்ப்பீர்கள்.

6. ஹோல்ட் 100, ரிலீஸ் 200 முதல் 300 மில்லி விநாடி எனத் தொடங்கி, டாமின் கார்வை இயல்பாக அடங்கும் வரை மாற்றிப் பார்க்கவும்.

கதவு தாமதமாகத் திறந்துவிடுமோ என்ற சந்தேகம் எழலாம். ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடிக்கு சுமார் 34 சென்டிமீட்டர்தான் செல்கிறது. சென்சாரோ மேளத்தைத் தொட்டுக் கொண்டே இருக்கிறது. எனவே மைக்கிற்கு ஒலி வந்து சேர்வதற்குள் சென்சாரின் தகவல் புறப்பட்டுவிடும்.

கதவைக் குனிய வைக்கலாம்:

ட்ரிக்கர் இன்புட்டைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். ஒருவர் பேசத் தொடங்கியவுடன் பின்னணி இசை தானாகக் குறைந்து, பேச்சு முடிந்ததும் மீண்டும் எழுவதைக் கேட்டிருப்பீர்கள். இதற்கு டக்கிங் என்று பெயர். எக்ஸ்32ல் கேட் வகைகளில் ஒன்றாகவே டக் என்பது தரப்பட்டுள்ளது. இசைச் சானலில் அதைத் தேர்ந்தெடுத்து, கீ சோர்ஸாகத் தொகுப்பாளரின் மைக்கைக் கொடுத்தால் போதும்.

இதையும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஓபிஎஸ் புரோகிராமில் உள்ள நாய்ஸ் கேட்டில் ட்ரிக்கர் வசதி இல்லை. ஆனால் கம்ப்ரஸர் என்ற பில்டரில் உள்ளது. டெஸ்க்டாப் ஆடியோ வரிசையில் கம்ப்ரஸரைச் சேர்த்து, சைடு செயின் சோர்ஸ் என்ற இடத்தில் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுக்கவும். ரேஷியோ 10, த்ரெஷோல்ட் மைனஸ் 36, ரிலீஸ் 600 என அமைத்துப் பாருங்கள். உங்கள் குரல் மைனஸ் 24 அளவில் இருந்தால், இசை சுமார் 11 டெசிபல் இறங்கி உங்களுக்கு வழி விடும்.

ஆடாசிட்டி 3 பதிப்பு வைத்திருப்பவர்கள் ஆட்டோ டக் என்ற வசதியைப் பயன்படுத்தலாம். இசை ட்ராக்கை மேலேயும், குரல் ட்ராக்கை அதற்கு நேர் கீழேயும் வைக்கவும். இசை ட்ராக்கை மட்டும் செலக்ட் செய்து, எபக்ட் மெனுவில் ஆட்டோ டக் தேர்ந்தெடுக்கவும். கீழே உள்ள குரல்தான் இங்கு ட்ரிக்கர்.

ஒரு பாட்டும் மூன்று மைக்குகளும்:

1977ல் டேவிட் போவி தன் "ஹீரோஸ்" பாடலை அன்றைய மேற்கு பெர்லினில் இருந்த ஹன்சா ஸ்டுடியோவில் பதிவு செய்தார். தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்டி அந்தப் பெரிய கூடத்தில் மூன்று மைக்குகளை வைத்தார். ஒன்று பாடகர் அருகில். இரண்டாவது சுமார் 20 அடி தள்ளி. மூன்றாவது சுமார் 50 அடி தள்ளி. தொலைவில் உள்ள இரண்டிற்கும் கேட் அமைத்தார். மெதுவாகப் பாடும்போது அருகில் உள்ள மைக் மட்டும் கேட்டது. குரலை உயர்த்த உயர்த்த அடுத்தடுத்த கதவுகள் திறந்து, கூடத்தின் எதிரொலி முழுவதும் பாட்டுக்குள் வந்தது. சத்தத்தை அடைக்கப் பிறந்த கருவி அங்கு இசைக் கருவியாகவே மாறியது.

எங்கே கேட் வேண்டாம்?

ஒரு திருமணத்திற்கு விருந்தினராகச் சென்றிருந்தேன். நலங்கின்போது மணமகளின் பாட்டியை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். கச்சேரியில் பாடுபவர்களின் உரத்த குரலுக்காக அமைத்திருந்த மைக்கையே அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். பாட்டியின் குரல் மெல்லியது. ஒவ்வொரு அடியின் தொடக்கம் கேட்டது, முடிவு கேட்கவில்லை. பாட்டு மறந்துவிட்டது போலும் என்று எண்ணிய சிலர், பாதியிலேயே கை தட்டிவிட்டார்கள். அவர் பாடிக் கொண்டுதான் இருந்தார். மிக்சரில் இருந்த இளைஞரிடம் சென்று கேட்டை அணைக்கச் சொன்னேன். மின்விசிறிச் சத்தம் கொஞ்சம் வந்தது. பாட்டியும் முழுதாக வந்தார். மீதி இருந்த மூன்று அடிகளை மண்டபம் பேச்சு மூச்சின்றிக் கேட்டது.

எனவே கேட்டைப் பயன்படுத்தும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக் கொள்ளுங்கள். இந்த மைக்கில் வரும் மிக மெல்லிய ஒலி முக்கியமானதா? தம்புரா, வீணை, ராக ஆலாபனை, வயதானவர்களின் பேச்சு, குழந்தைகளின் குரல் ஆகியவற்றில் மெல்லிய பகுதிதான் உயிர். அங்கு கேட் வேண்டாம். கட்டாயம் வேண்டும் என்றால் ரேஞ்சை 6 டெசிபல் அளவில் வைத்துக் கொள்ளுங்கள். தவறாக மூடினாலும் குரல் குறையும், காணாமல் போகாது. வீட்டில் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யும்போது கேட் இல்லாமலே பதிந்து கொள்ளுங்கள். பதிந்த பிறகு இரைச்சலைக் குறைக்கப் புரோகிராம்கள் உள்ளன. கேட் வெட்டிப் போட்டதை மீட்டுத் தர எந்தப் புரோகிராமும் இல்லை.

இன்றே ஓபிஎஸ் திறந்து, மின்விசிறியை ஓட விட்டு, குற்றியலுகரத்தில் முடியும் பத்துச் சொற்களைச் சொல்லிப் பதிவு செய்து பாருங்கள். பத்தும் முழுதாகக் கேட்டால் உங்கள் கேட் சரியாக அமைந்துவிட்டது என்று பொருள்.